பின்னிரவுச் சகுனங்கள்

திருத்தணி மலைமேல் எரியும் விளக்குகள், ஊரின் எந்த மூலையில் நின்று பார்த்தாலும் கண்ணில் படும். சூரனோடு பொருத சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடமாதலால் தணிகை என்று பெயர் வந்ததாகப் பெரியோர் சொல்வார்கள். மற்றத் தலங்களில் ஐப்பசிச் சஷ்டியன்று விமரிசையாக நடைபெறும் சூரசம்ஹாரம் இங்கே நடைபெறாததற்கும் அதுவே காரணம் என்பார்கள். தணிதல் என்னும் அந்தச் சொல்லின் முழுப் பொருளையும், மலையடிவாரத்து மருத்துவமனை ஒன்றில் இரைப்பு நோயால் அவதியுற்ற என் தாயாருக்குத் துணையாகப் பதினோர் இரவுகள் கழித்தபோதுதான் நான் உணர்ந்தேன். காய்ச்சல் தணிந்ததா, வலி தணிந்ததா, இரைப்புத் தணிந்ததா என்பதைத் தவிர, அங்கே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதற்கு வேறு கேள்வியே இல்லை.

ஆறாவது இரவு அது; மறுநாள் தை அமாவாசை. பெண்கள் வார்டுக்குள் இரவில் ஆண்களை இருக்க விடமாட்டார்களாதலால், நான் வராந்தா பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். வார்டையும் அதையடுத்த அவசர சிகிச்சை அறையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள அன்று இருந்தவர், ஐம்பது வயதைக் கடந்த செவிலியர் ஒருவர். துணைக்கு ஓர் ஆயா, அழைத்தால் இறங்கி வர மாடியில் ஒரு டாக்டர். பதினொரு மணி சுமாருக்குச் செவிலியர் மேஜையில் வந்து உட்கார்ந்து ரிஜிஸ்தரைத் திறந்தபோது, உபசாரமாக ஏதேனும் சொல்ல வேண்டுமே என்று, "இன்றைக்கு ஆஸ்பத்திரி அமைதியாக இருக்கிறதே, சிஸ்டர்" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "சார், அதை மட்டும் சொல்லாதீங்க. சொன்னா வந்துடும்" என்றவர், இழுப்பறையைத் திறந்து, மலைக்கோயில் விபூதிப் பொட்டலம் ஒன்றை எடுத்து, ஒரு சிட்டிகை நெற்றியில் இட்டுக்கொண்டு, "முருகா" என்று மெல்லச் சொல்லிவிட்டு மறுபடியும் எழுதத் தொடங்கினார்.

இரவு ஒன்றரை மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. எல்லைக்கு அப்பால் நகரிப் பக்கத்துக் கிராமத்துக் குடியானவர் ஒருவர். பம்பு செட்டுக்கு இரவில்தான் கரண்ட் வருகிறதென்று வேர்க்கடலைக்குத் தண்ணீர் கட்டப் போனவரை, வரப்பில் கண்ணாடி விரியன் கடித்திருந்தது. உடன் வந்த மனைவி தெலுங்கில் கதறினாள். "ஏமீ காதம்மா, பயபடொத்து" என்று அவளுக்கு மறுமொழி சொல்லிக்கொண்டே செவிலியர் செய்த காரியத்தைக் கதவோரத்திலிருந்து பார்த்தேன். டாக்டருக்கு ஆயாவை அனுப்பிவிட்டு, ஊசியில் சிறிது ரத்தம் எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயொன்றில் விட்டு, அதை அசையாமல் நிறுத்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தார். விரியன் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்துவிடும். 20 நிமிடம் பொறுத்துக் குழாயைச் சாய்க்கும்போது ரத்தம் உறைந்து நில்லாமல் ஓடினால், விஷம் ஏறியிருக்கிறதென்று நிச்சயம். அந்த 20 நிமிடத்தில் சலைன் ஏற்ற நரம்பு பிடித்தார். காலை ஆட்டக் கூடாதென்று எச்சரித்தார். நடுவே அதே விபூதிப் பொட்டலத்தைப் பிரித்துக் குடியானவரின் நெற்றியிலும் பூசினார். குழாயைச் சாய்த்தபோது ரத்தம் தண்ணீர்போல் ஓடியது. டாக்டர் சொன்னபடி விஷமுறிவு மருந்தில் 10 குப்பிகளைக் கரைத்து ஏற்றத் தொடங்கினார்கள்.

வெளியே வந்த செவிலியர் என்னை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஆயினும், சகுனங்களில் சிறிதும் நம்பிக்கையில்லாத என் நெஞ்சில், அந்த மனிதரை வரப்பிலிருந்து இங்கே இழுத்து வந்தது என் வாய்ச்சொல்தானோ என்னும் உறுத்தல் முள்போல் தைத்தது. அந்த ஒரு கணத்தின் உறுத்தலை ஆண்டுக்கணக்கில் இரவுதோறும் சுமப்பவர்களுக்கு என்னென்ன நம்பிக்கைகள் தோன்றக்கூடும் என்று எண்ணிப் பார்த்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

மற்ற இரவுகளில், வேலை சற்று ஓய்ந்த நேரங்களில், செவிலியர்களும் ஆயாக்களும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும் அவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அமாவாசையும் பௌர்ணமியும் நோய் முற்றும் நாட்கள். ஒருவர் இறந்தால் அந்த வார்டில் இன்னும் இருவரை அழைத்துக்கொண்டுதான் போவார். அதிலும் சனிக்கிழமை மரணமென்றால் கேட்கவே வேண்டாம், சனிப் பிணம் தனிப் போகாது என்று பழமொழியே இருக்கிறது. பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்பும் வழக்கம் ஊர்ப்புறங்களில் இன்னும் அற்றுப்போகவில்லை. வாசலுக்கு நேரே இருக்கும் கட்டில் ராசியில்லாதது. ஆம்புலன்ஸை முதன்முதலாக எடுக்கும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். ஆயுத பூஜையன்று அறுவை அரங்கின் கத்தி கத்தரிக்கோல்களுக்குக் குங்குமம் வைக்காவிட்டால் ஆண்டு முழுவதும் மனம் நிம்மதியடையாது. செவ்வாய்க்கிழமை யாரும் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போக விரும்புவதில்லை. செவ்வாய்க்கு அதிபதியாகிய முருகனின் ஊரிலேயே செவ்வாய்க்கு அஞ்சுகிறார்களே என்று எனக்கு வியப்பாக இருந்தது. "அது சாமிக்கு உகந்த நாள் சார், வீடு திரும்பறதுக்கு இல்லை" என்று ஓர் ஆயா அதற்குச் சமாதானம் சொன்னாள்.

இவை நம் ஜனங்களின் பேதைமை என்று யாரேனும் எண்ணினால் அது பெரும் பிழை. ஜப்பானிய நாட்காட்டியில் ஆறு நாட்களுக்கு ஒருமுறை மாறி மாறி வரும் நாட்களில் தாய்ஆன் என்பது சுபதினம், புட்சுமெட்சு என்பது அசுபதினம். கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் 1992 முதல் 1995 வரை வீடு திரும்பியவர்களின் கணக்கை ஆராய்ந்தபோது, சுபதினத்தில் வெளியேறியவர்களே மிகுதியாகவும், அசுபதினத்தில் வெளியேறியவர்கள் மிகக் குறைவாகவும் இருந்தது தெரியவந்தது. நல்ல நாளுக்காகக் கூடுதலாகத் தங்குவதால் செலவும் கூடியிருந்தது. அமைதி என்ற சொல்லுக்கு அஞ்சுவதும் திருத்தணிக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மருத்துவமனைப் பணியாளர்கள் தங்கள் மொழியில் அதே பொருளுடைய சொல்லை வாயால் உச்சரிக்கவே மாட்டார்கள். முதல் எழுத்தை மட்டும் சொல்லிக் குறிப்பால் உணர்த்துவார்கள். இங்கிலாந்தில் நார்விச் நகரத்து மருத்துவமனையின் நுண்ணுயிரியல் பிரிவில் இதை முறையாகவே சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். 61 நாட்கள் நடந்த சோதனையில், சில நாட்கள் 'இன்று அமைதியாக இருக்கும்' என்று வேண்டுமென்றே சொல்லியும், மற்ற நாட்களில் சொல்லாமலும் இருந்து வேலையின் அளவைக் கணக்கிட்டார்கள். சொன்ன நாட்களுக்கும் சொல்லாத நாட்களுக்கும் குறிப்பிடத்தக்க பேதம் எதுவும் இல்லை. சந்திரனைப் பற்றிய கணக்கும் இத்தகையதே: அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1997-க்கும் 2001-க்கும் இடையே நிகழ்ந்த 5,64,039 பிரசவங்களைத் திதியோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், பௌர்ணமியென்று ஒரு குழந்தையும் அவசரப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆராய்ச்சிகள் இவ்வாறு இருக்க, நம்பிக்கை ஏன் அசையாமல் நிற்கிறது என்பதுதான் ஆழ்ந்து நோக்கத்தக்க விஷயம். போலந்தில் பிறந்த மானிடவியல் அறிஞர் மாலினோவ்ஸ்கி, முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் சமுத்திரத்து டிரோபிரியாண்ட் தீவுகளில் செம்படவர்களிடையே வாழ்ந்து ஒன்றைக் கவனித்தார். கரையோரத்துக் காயலில், ஆபத்தின்றி நிச்சயமாக மீன் கிடைக்கும் இடத்தில், அவர்கள் மந்திரம் எதையும் நாடுவதில்லை. அலையும் சுறாவும் புயலும் சூழ்ந்த ஆழ்கடலுக்குப் புறப்படும்போதோ மந்திரச் சடங்குகளைச் சற்றும் குறைவின்றிச் செய்தார்கள். படகு கட்டுவதிலும் வலை வீசுவதிலும் அவர்களுக்கிருந்த திறமை இரண்டிடத்திலும் ஒன்றுதான். கைத்திறமை எங்கே முடிகிறதோ அங்கே மந்திரம் தொடங்கிற்று. மருத்துவமனையின் பகல் நேரம் காயலைப் போன்றது: டாக்டர்கள் இருக்கிறார்கள், ரத்தப் பரிசோதனைக் கூடமும் எக்ஸ்ரேயும் இயங்குகின்றன, சந்தேகம் வந்தால் கேட்க மூத்தவர்கள் இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குமேல் அவ்வளவும் ஒன்றிரண்டு பேரின் தோளில் இறங்கிவிடுகிறது. அப்போது வாசலில் வந்து நிற்கப்போகும் வண்டியில் யார் இருப்பார்கள் என்பதை அறியவோ தடுக்கவோ அவர்களால் இயலாது. தங்கள் நாவை அடக்கிக்கொள்வது ஒன்றுதான் அவர்கள் வசத்தில் இருக்கிறது. அதனால் அதையாவது அடக்கிக்கொள்கிறார்கள்.

உடம்பும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. இரவை நான்கு ஜாமமாகப் பகுத்த நம் முன்னோர், அதன் கடைசி ஜாமத்தில் பிரம்ம முகூர்த்தத்தை வைத்தார்கள். அதே நேரத்தைத்தான் இரவுப் பணியாளர்கள் எமன் உலவும் வேளை என்கிறார்கள். மனிதனுடைய தேக உஷ்ணம் விடியலுக்குச் சற்று முன்னரே மிகவும் தாழ்கிறது. விழிப்பும் கவனமும் அப்போதுதான் மிகவும் தளர்கின்றன. இரைப்பு நோயாளிகளின் மூச்சுக்குழல் அதிகமாகச் சுருங்குவதும் நான்கு மணி சுமாருக்கே. என் தாயார் எழுந்து உட்கார்ந்து காற்றுக்குத் தவித்ததெல்லாம் அந்த நேரத்தில்தான். ஆகவே அந்த ஜாமத்தைக் கண்டு செவிலியர்கள் அஞ்சுவது வெறும் பிரமையென்று நான் சொல்ல மாட்டேன். காரணம் வேறாக இருப்பினும், அநுபவம் மெய்யானது. அதே வேளை பிறப்புக்கும் உரியது என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, தானாக வலி கண்டு பிறக்கும் குழந்தைகள் மிகுதியாகப் பிறக்கும் நேரம் விடியற்காலை நான்கு மணி.

மரணங்கள் மும்மூன்றாக வரும் என்னும் நம்பிக்கையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் லண்டன்மீது ஜெர்மானியர் பறக்கும் குண்டுகளை ஏவியபோது, சில இடங்களில் குண்டுகள் கூட்டமாகவும் சில இடங்களில் ஒன்றுமேயில்லாமலும் விழுந்ததைக் கண்ட ஜனங்கள், பகைவன் குறிபார்த்தே அடிக்கிறான் என்று நம்பினார்கள். கிளார்க் என்னும் காப்பீட்டுக் கணிப்பு வல்லுநர் தென் லண்டனை 576 சிறு சதுரங்களாகப் பிரித்து, அங்கே விழுந்த 537 குண்டுகளையும் எண்ணி, 1946-இல் தம் முடிவை வெளியிட்டார்: 229 சதுரங்களில் ஒரு குண்டும் இல்லை, 211-இல் ஒவ்வொன்று, 93-இல் இரண்டிரண்டு, 35-இல் மும்மூன்று, எஞ்சிய எட்டில் அதற்கும் மேல். கண்ணை மூடிக்கொண்டு தானியத்தை வாரி இறைத்தால் எப்படி விழுமோ, ஏறக்குறைய அப்படியே விழுந்திருந்தன. தற்செயல் என்பது சமமாகப் பரவுவதன்று. அது கொத்துக்கொத்தாகவே விழும். ஒரு மருத்துவமனைக்கு 30 இரவுகளில் 30 ஆபத்தான நோயாளிகள் வருவதாகக் கொண்டால், இரவுக்கு ஒருவராக வரமாட்டார்கள். சுமார் 11 இரவுகளில் ஒருவரும் இல்லை, 11 இரவுகளில் ஒருவர், ஐந்தாறு இரவுகளில் இருவர், இரண்டு இரவுகளில் மூவரோ அதற்கு மேற்பட்டவரோ என்றுதான் கணக்கு அமையும். மூவர் வந்த அந்த இரண்டு இரவுகளை யாரால் மறக்க முடியும்? ஒருவரும் வராத பதினோர் இரவுகளை யார் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

எல்லாக் கொத்துகளும் தற்செயலானவை என்றும் கொள்ளக் கூடாது. ஒரு பாம்புக்கடி வந்தால் இன்னொன்று பின்னால் வரும் என்பது இவ்வூர்ப் பணியாளர்களின் திடமான நம்பிக்கை. அதில் உண்மை இருக்கிறது. மழை பெய்து வளைகளில் தண்ணீர் புகுந்தாலும், அறுவடைக் காலத்தில் எலிகள் களத்துக்கு வந்தாலும், எல்லாக் கிராமங்களிலும் ஒரே சமயத்தில் பாம்புகள் வெளிப்படும். பம்பு செட்டுக்கு இரவில் கரண்ட் விட்டால் எல்லாக் குடியானவர்களும் ஒரே வேளையில் இருட்டில் வரப்பில் நிற்பார்கள். ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கான ஜனங்கள் காவடியோடு வந்து குவியும்போதும், டிசம்பர் 31-ஆம் தேதி படித்திருவிழாவில் 365 படிகளையும் பாடிக்கொண்டே ஏறும்போதும், சென்னை-திருப்பதி நெடுஞ்சாலையில் விபத்துகள் சேர்ந்து வருவதற்குச் சந்திரனைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. ராசியில்லாத கட்டிலின் ரகசியமும் இதுவே. வாசலுக்கும் செவிலியர் மேஜைக்கும் அருகிலிருக்கும் கட்டிலில், கண் மறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று மிகவும் முடியாதவர்களையே கிடத்துகிறார்கள். மரணங்களும் அங்கேயே மிகுதியாக நிகழ்கின்றன. அந்தக் கட்டிலில்தான் என் தாயார் ஐந்து இரவுகள் படுத்திருந்தார் என்பதால், இதை ஆறுதலோடு எழுதுகிறேன்.

எலுமிச்சம்பழமும் விபூதியும் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. ஒரு மனிதரை ராசியில்லாதவர் என்று சொல்வதை மட்டும் என்னால் பொறுக்க இயலவில்லை. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, வேறோர் ஊரில் ஒரு மருத்துவமனையில் செவிலியாகச் சேர்ந்த முதல் மாதத்திலேயே, அவளுடைய இரவுப் பணியில் நால்வர் இறந்துபோனார்கள். அவள் வந்தாலே டெத் விழும் என்று முதலில் வேடிக்கையாகப் பேசினார்கள். பின்பு அவளோடு இரவு டியூட்டி போட்டால் மாற்றிக் கேட்டார்கள். கடைசியில் நோயாளிகளின் உறவினர் காதுக்கும் அது எட்டி, அவள் கையால் ஊசி போட வேண்டாமென்று ஒரு தாய் முகத்துக்கு நேரே சொன்னாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கே இரவுப் பணி அதிகமாகப் போடுகிறார்கள், அதனால் அவர்கள் கண்முன்னேதான் மரணங்கள் அதிகம் நிகழ்கின்றன என்னும் சாதாரணமான கணக்கை அந்த இடத்தில் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. அவள் ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டாள். கைராசிக்காரர் என்று ஒரு டாக்டரைப் புகழும்போது, அந்தப் புகழின் மறுபக்கத்தில் இவளைப் போன்ற ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள்.

மூன்று மரணம் என்றதும் எனக்கு ஐடா ஸ்கடரின் நினைவு வருகிறது. 1870-இல் இந்தத் திருத்தணிக்குத் தொலைவிலில்லாத ராணிப்பேட்டையில் பிறந்தவர் அவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாயைக் காணத் திண்டிவனம் வந்திருந்த இளம் பருவத்தில், ஓர் இரவில் ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆடவர்கள் வந்து, பிரசவத்தில் துடிக்கும் தங்கள் மனைவியருக்கு உதவும்படி அவரை வேண்டினார்கள். அவர் மருத்துவம் அறியாதவர்; மருத்துவரான தந்தையை அனுப்புகிறேன் என்றபோது, அந்நிய ஆடவன் பார்க்கலாகாதென்று மூவரும் மறுத்துத் திரும்பினார்கள். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டுபோனார்கள். ஒரே இரவில் மூன்று சாவு. சகுனம் பார்க்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை. ஆனால் அந்த இளம் பெண் விதியையோ திதியையோ நோகவில்லை. பெண்களுக்கு வைத்தியம் பார்க்கப் பெண் மருத்துவர் இல்லை என்பதையே காரணமாகக் கண்டார். திரும்பிச் சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்து பணி தொடங்கினார். 1909-இல் செவிலியர் பள்ளியும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அங்கே உண்டாயின. இன்று திருத்தணியில் கைமீறிய நோயாளிகளை எங்கே கொண்டு போவதென்று பேசும்போது, சென்னைக்கு அடுத்தபடி சொல்லப்படும் பெயர் அந்த வேலூர்தான்.

அந்த ஆறாம் இரவு நான் உறங்கவில்லை. ஆறு மணிக்கெல்லாம் தை அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்யப் புறப்பட்டவர்கள் தெருவில் நடமாடத் தொடங்கிவிட்டார்கள். ஏழு மணிக்குப் பகல் டியூட்டிச் செவிலியர் வந்து, தலையில் சூடிய முல்லைச்சரத்தை எடுத்து மேஜைமீது வைத்தபடி, "நைட் எப்படிக்கா போச்சு?" என்று கேட்டார். மூத்தவர் நன்றாகப் போயிற்றென்றோ கஷ்டமாகப் போயிற்றென்றோ சொல்லவில்லை. "மொத்தம் இருபத்திரண்டு பேர். வாசக் கட்டில் அம்மாவுக்கு நாலு மணிக்கு நெபுலைசர் வெச்சேன், இப்போ தேவலை. காஷுவால்டியில் ஒரு ஸ்நேக் பைட், பத்து வயல் ஏறியிருக்கு. எட்டு மணிக்கு மறுபடி டியூப் வெச்சுப் பாரு. அதுக்குள்ள யூரின் வந்துச்சான்னு பாத்துக்கோ" என்று விரல் மடித்துச் சொல்லி, ரிஜிஸ்தரில் கையெழுத்திட்டார். விபூதிப் பொட்டலத்தை மடித்து இழுப்பறையிலேயே விட்டுவிட்டு, வாசற்படியில் நின்று மலையைப் பார்த்து ஒரு முறை கும்பிட்டு, பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்.

எட்டு மணிக்கு இளைய செவிலியர் புதிதாக ரத்தம் எடுத்துக் குழாயை நிறுத்தினார். குடியானவரின் மனைவி அதன் எதிரே தரையில் அமர்ந்து, கண்ணெடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு இருபதுக்கு அவர் வந்து குழாயை மெதுவாகச் சாய்த்தார். ரத்தம் அசையாமல் உறைந்து நின்றது.